மாடியில் இருந்த குழந்தைகள்

முதல் ஷிஃப்டுக்குச் சங்கு ஊதுவதற்குள் பெரியம்மா கூடத்தைக் கழுவித் துடைத்துவிட வேண்டும். ஈரத்தரையில் ஒரு பிள்ளை வழுக்கி விழுந்தால் யார் பதில் சொல்வது? ஈரத்துணியால் துடைத்த பிறகும் மண்டியிட்டு உட்கார்ந்து காய்ந்த துணியால் இன்னொரு முறை துடைப்பாள். அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுவதற்குள் வாசலில் ஆள் நிற்கும். எல்லாரும் இறால் கம்பெனிக்குப் போகிற பெண்கள். இடுப்பில் பிள்ளை, கையில் ரப்பர் பூட்ஸ், தோளில் துணிப்பை. பிள்ளையை நீட்டிக்கொண்டே பேசுவார்கள், பேசிக்கொண்டே ஓடுவார்கள்.

"அக்கா, ராத்திரியெல்லாம் மூக்கடைப்பு. கொஞ்சம் பாத்துக்கோ."

"பால் குடிக்கவே மாட்டேங்குது. நீ குடுத்தாதான் குடிக்கும்."

"கடிக்கிறான்க்கா. பக்கத்துல யாரையும் படுக்க வைக்காத."

"கடிச்சா என்னைக் கடிச்சுட்டுப் போறான், என் தலையெழுத்து. குடு இப்படி" என்று வாங்கிக்கொள்வாள் பெரியம்மா.

பிள்ளைகள் கூப்பிட்டுக் கூப்பிட்டு அவளுக்கு அதுவே பெயராகிவிட்டது. அவளுடைய நாத்தனார் சின்னம்மா ஆனாள். சின்னம்மாவைக் கட்டியவன் வேறொருத்தியோடு குடித்தனம் போட்டுவிட, அவள் ஒரு பெட்டியோடு அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்தவள். சொந்தமாகப் பிள்ளை இல்லை. ஆனால் அழுகிற கைக்குழந்தையை அவள் தோளில் போட்டு முதுகைத் தட்டினால் ரெண்டு நிமிஷத்தில் அடங்கிவிடும். "உன் கையில என்னடி மந்திரம் வச்சிருக்க" என்று பெரியம்மாவே கேட்டிருக்கிறாள்.

வீட்டின் கீழ்ப்பகுதி முழுக்கக் காப்பகம்தான். கூடத்தில் நடக்கிற பிள்ளைகள், உள் அறையில் கைக்குழந்தைகள். குடும்பம் இருந்தது மாடியில், தகரக் கூரை போட்ட ஒற்றை அறையில். பெரியம்மாவின் வீட்டுக்காரர் ஐஸ் ஃபேக்டரியில் பாளம் தள்ளுகிறவர். சாயங்காலம் வந்தால் முதுகைச் சுவரில் ஒட்டிக்கொண்டு உட்காருவார். பேச்சு குறைவு. தங்கை மேல் மட்டும் உயிரை வைத்திருந்தார்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால் வரை அது ஏதோ பிள்ளைகளை விட்டுப் போகிற இடம், அவ்வளவுதான். கிழிந்த பாய், நாள் முழுக்க ஓடுகிற டிவி, மதியம் குழைந்த சோறு. பல்கலைக்கழகத்தில் குழந்தை வளர்ச்சித் துறை என்று ஒன்று இருப்பதே பெரியம்மாவுக்குத் தெரியாது. அங்கிருந்து ஒரு பேராசிரியை வந்தார். பருத்திச் சேலை, நரைத்த கிராப்பு, மெதுவான பேச்சு. இந்த வட்டாரத்தில் உள்ள காப்பகங்களில் சிலவற்றோடு சேர்ந்து வேலை செய்யப்போவதாகச் சொன்னார். கூடவே மாணவிகள் வந்தார்கள். டிவி மூலைக்குப் போனது. பிள்ளைகள் கைக்கு எட்டுகிற உயரத்தில் அலமாரி வந்தது, மரக்கட்டைகள் வந்தன, படப் புத்தகங்கள் வந்தன, கை கழுவக் குட்டைக் குழாய் ஒன்று வந்தது. ஊட்டும்போது பிள்ளையோடு பேசிக்கொண்டே ஊட்ட வேண்டும் என்று மேடம் சொன்னபோது பெரியம்மாவுக்குச் சிரிப்பு வந்தது.

"பேசத் தெரியாத பிள்ளைகிட்ட என்னத்த மேடம் பேசுறது?"

"எதை வேணா பேசுங்க. உங்க நாத்தனாரைப் பத்திக் குறை சொல்லுங்க. அதுக்கு உங்க குரல் வேணும், முகம் வேணும். அவ்வளவுதான்."

சின்னம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஆனால் மேடம் சொன்னது வீண் போகவில்லை. பொம்மை மாதிரி வெறித்துக்கொண்டு கிடந்த பிள்ளைகள் முகத்தைப் பார்த்து மிழற்ற ஆரம்பித்தன. வாசலில் பல்கலைக்கழகத்தின் முத்திரை போட்ட பலகை ஏறியது. அதைத் தினமும் துடைப்பது பெரியம்மாதான். வேறு யாரையும் தொடவிட மாட்டாள்.

மேடம் கறாராகச் சொன்னது ஒன்றே ஒன்று. ஒரு ஆளுக்கு மூன்று கைக்குழந்தைகளுக்கு மேல் கூடாது.

"அதுக்கு மேல போனா அது வளர்ப்பு இல்லம்மா, காவல். அப்புறம் எங்க பலகை இங்க இருக்க முடியாது."

பலகை ஏறியதுதான் வினையாகவும் போயிற்று. படித்தவர்கள் வந்து பார்க்கிற இடம் என்று பேர் பரவிவிட்டது. கம்பெனியில் புதிதாக ஒரு வரிசை திறந்து ஆள் எடுத்தார்கள். கைக்குழந்தைக்காரிகள் வந்து வாசலில் நிற்க ஆரம்பித்தார்கள். பெரியம்மா முதலில் இல்லை இல்லை என்றுதான் சொன்னாள். பிறகு ஒன்றைச் சேர்த்தாள். ஒன்றைச் சேர்த்தவள் அடுத்தவளிடம் எந்த வாயால் இல்லை என்பது?

குச்சி வந்தது ஒரு மழை நாளில். குச்சி என்பது தெரு வைத்த பெயர். ஊதினால் விழுந்துவிடுகிற உடம்பு. அவள் இடுப்பில் இருந்த பிள்ளையோ தொடை மடிப்பு மடிப்பாக உருண்டையாக இருந்தான். குண்டு என்று அவனுக்கும் அன்றைக்கே பெயர் விழுந்துவிட்டது. குச்சி முந்தானையால் அவன் தலையை மூடியிருந்தாள். அவள் தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"இடம் இல்லம்மா. சத்தியமா இல்ல" என்றாள் பெரியம்மா.

"அக்கா, இதைப் பாரு." குச்சி பிள்ளையின் கணுக்காலைத் திருப்பிக் காட்டினாள். சிவப்பாக ஒரு வளையம். "பக்கத்து வீட்ல விட்டுட்டுப் போனேன். கட்டில் கால்ல கட்டிப் போட்டிருக்காங்க. தவழ்ந்து வாசலுக்குப் போயிடறானாம். அவங்களையும் சொல்லி என்ன பண்றது, அவங்களுக்கு அவங்க வேலை."

"உன் வீட்டுக்காரர்?"

"லாரில போயிட்டா எப்ப வருவாருன்னு அவருக்கே தெரியாது. வந்தாலும் தூங்கத்தான் வருவாரு."

பெரியம்மா அந்த வளையத்தை விரலால் தடவினாள். குண்டு அவள் மூக்கைப் பிடித்தான். "எல்லாரும் என் மூக்குலயே வந்து நில்லுங்க" என்று சலித்துக்கொண்டே வாங்கிக்கொண்டாள்.

இப்படித்தான் மாடி ஏற்பாடு தொடங்கியது. மேடம் வருகிற நாள் முன்கூட்டியே தெரிந்துவிடும். அன்று கணக்குக்கு மேல் இருக்கிற கைக்குழந்தைகளைச் சின்னம்மா மாடிக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். பெரியம்மா படிக்கட்டின் அடியில் நின்று சொல்லி அனுப்புவது ஒன்றுதான்: "சத்தம் கேக்கக் கூடாது." சத்தம் கேட்டதும் இல்லை. மேடம் போன பிறகு ஏறிப் பார்த்தால் பாயில் வரிசையாகத் தூங்கிக்கொண்டிருக்கும். ஒருநாளும் ஒரு பிள்ளைகூட முனகவில்லையே என்று ஒருமுறை பெரியம்மாவுக்குத் தோன்றியது. தோன்றியதை அப்படியே விட்டுவிட்டாள். கீழே நடக்கிற பிள்ளைகளுக்குச் சோறு ஆறிக்கொண்டிருந்தது.

அன்று வெயில் மண்டையைப் பிளந்தது. மேடம் தனியாக வரவில்லை. வேறு ஊர்ப் பல்கலைக்கழகத்திலிருந்து விருந்தாளிகளை அழைத்து வந்திருந்தார். கூடத்தில் பிள்ளைகள் மரக்கட்டையை அடுக்கித் தள்ளி, அடுக்கித் தள்ளி, கைதட்டிக்கொண்டிருந்தன. விருந்தாளிகள் குனிந்து குனிந்து பார்த்தார்கள். மேடம் பெரியம்மாவின் தோளில் கைவைத்து, "இவங்கதான் இதோட உயிர்" என்றார். பெரியம்மாவுக்குக் கூச்சத்தில் உடம்பு குறுகியது.

மாணவிகளில் ஒருத்தி பெரிய கண்ணாடி போட்டிருப்பாள். கண்ணாடிப் பொண்ணு என்றுதான் பிள்ளைகளே கூப்பிடும். ஒரு குழந்தை பாலைக் கக்கிவிட, துடைக்கத் துணி தேடினாள். மாடிக் கொடியில் துணி காய்வதைப் பார்த்துப் படியேறிவிட்டாள். பெரியம்மா அதைக் கவனிக்கவில்லை. விருந்தாளிகளுக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

கண்ணாடிப் பொண்ணு இறங்கி வந்தபோது அவள் கையில் துணி இல்லை. குண்டு இருந்தான். தலை அவள் முழங்கைக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது.

"பெரியம்மா, இவன் எழுந்திரிக்க மாட்டேங்கிறான். நான் உலுக்கிப் பாத்துட்டேன். எழுந்திரிக்க மாட்டேங்கிறான்."

உதடு நீலமாக இருந்தது. மேடம் பிள்ளையைத் தரையில் கிடத்தி வாயில் வாய் வைத்து ஊதினார். யாரோ ஆட்டோவைக் கூப்பிட ஓடினார்கள். பின்னாலேயே சின்னம்மா படியிறங்கி வந்தாள். கடைசிப் படியில் உட்கார்ந்துவிட்டாள். "இப்பதான்... இப்ப வரைக்கும் மூச்சு நல்லா வந்துச்சு அண்ணி" என்றாள். பெரியம்மா அவளைத் திரும்பிப் பார்த்தாள். பார்த்த அந்தக் கணத்திலேயே அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. செருப்புக்கூடப் போடாமல் ஆட்டோவில் ஏறினாள்.

ஆஸ்பத்திரியில் பிள்ளையை உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்திவிட்டார்கள். மேடம் ஒரு மூலையில் நின்று ஃபோனில் பேசிக்கொண்டிருந்தார். குச்சி கம்பெனியிலிருந்து அப்படியே ஓடி வந்திருந்தாள். தலையில் பிளாஸ்டிக் தொப்பி, காலில் பூட்ஸ். ஐஸ் தண்ணீரில் ஊறி ஊறி விரல்கள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. உடம்பெல்லாம் இறால் வாடை. தாழ்வாரத்தில் இருந்த சனம் ஒதுங்கி வழிவிட்டது.

அவள் அழவில்லை. பெரியம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, காதோடு கேட்டாள்:

"அக்கா, காலைல நான் சளி மருந்து குடுத்தேன். ஒரே ஒரு மூடி. மூக்கு ஒழுகுச்சுன்னு. அதனால இருக்குமா?"

பெரியம்மா சாத்தியிருந்த கதவைப் பார்த்தாள்.

"அளவு தெரியாம ஊத்திட்டேனோ? இருட்டா இருந்துச்சுக்கா. கரண்ட் இல்ல. நானே ஊத்திட்டேனோ?"

"பேசாம இரு" என்றாள் பெரியம்மா.

வீட்டுக்கு வந்தபோது காப்பகம் காலியாக இருந்தது. யார் யாரோ வந்து பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள். மாடியில் அண்ணனும் தங்கையும் இருந்தார்கள். சின்னம்மா முழங்காலைக் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன குடுத்த?" என்றாள் பெரியம்மா.

சின்னம்மா சுவரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"உன்னைத்தான் கேக்கறேன். என்னடி குடுத்த?"

"இருமல் மருந்து. தூக்கம் வருமே, அது. எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம். இவன் ஒருத்தன்தான் தூங்கவே இல்ல. அனல்ல புழுவாத் துடிச்சான். கீழ பெரிய பெரிய ஆளுங்க. கத்திடப் போறான்னு இன்னொரு வாட்டி ஊத்தினேன்."

"ஏண்டி பாவி..."

"ஏன்னு கேக்கறீங்களா?" சின்னம்மா இப்போதுதான் முகத்தைத் திருப்பினாள். "இந்தத் தகரத்துக்கு அடியில ஆறு பிள்ளைங்க அண்ணி. எனக்கு ரெண்டு கை. ஒண்ணு அழுதா எல்லாம் அழுது. நீங்க சத்தம் கேக்கக் கூடாதுன்னு சொல்லிட்டுக் கீழ இறங்கிப் போயிடுவீங்க. எப்படிடி சமாளிக்கிறன்னு ஒரு நாள், ஒரே ஒரு நாள் கேட்டீங்களா?"

பெரியம்மா தரையில் உட்கார்ந்தாள். மேலே தகரம் சூடு இறங்கி டப் டப்பென்று சொடுக்கிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் வாயைத் திறந்தார்.

"அந்தப் பொண்ணு தான் மருந்து குடுத்தேன்னு சொல்லுதாமே. ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்தவங்க சொன்னாங்க."

"ஒரு மூடி குடுத்தேன்னு சொல்லுச்சு."

"சரி. நாம பொய் சொல்ல வேணாம். வாயை மூடிட்டு இருந்தாப் போதும். அது பெத்த தாய். அதை யாரும் ஜெயில்ல போட மாட்டாங்க. இவளை விடுவாங்களா?"

"அது காலம் பூரா தன் கையாலதான்னு நெனச்சுட்டு இருக்குமே."

"இருக்கட்டும்" என்றார் அவர். குரல் உடைந்தது. "எனக்கு இவ ஒருத்திதான்."

அவர் அப்படி உடைந்து அவள் பார்த்ததே இல்லை. தட்டில் சோறு போட்டு வைத்தாள். யாரும் தொடவில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது வாயைத் திறக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் போனாள். பிள்ளைக்கு உயிர் இருந்தது. மூச்சுக்குக் குழாய் வைத்திருந்தார்கள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே டாக்டர் குச்சியிடம் பேசிக்கொண்டிருந்தார். பேசவில்லை, கத்திக்கொண்டிருந்தார்.

"இவ்வளவு மருந்து உடம்புல இருக்கு. ஒரு மூடியா ஊத்தின நீ? பாட்டிலைக் கவுத்தியா? பிள்ளையை மருந்து ஊத்தித் தூங்க வச்சுட்டு வேலைக்கு வேற போகணுமா?"

குச்சி தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். ஆமாம் என்றா, இல்லை என்றா என்று தெரியாத ஆட்டல். "இருட்டா இருந்துச்சு சார். இருட்டா இருந்துச்சு." பக்கத்தில் நின்ற நர்ஸ், "இதெல்லாம் ஒரு தாயா" என்று அவள் காதில் விழும்படி சொல்லிவிட்டு நகர்ந்தாள். குச்சி அதற்கும் தலையாட்டினாள்.

பெரியம்மாவால் அந்தத் தலையாட்டலைப் பார்க்க முடியவில்லை.

"சார், அது குடுக்கல" என்றாள். "எங்க வீட்ல குடுத்தது. மாடில வச்சுக் குடுத்தது. என் நாத்தனார் குடுத்தா. மாடிக்கு அனுப்பினது நான்."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு ஃபோனை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். குச்சி கையிலிருந்த பிளாஸ்டிக் தொப்பியை முறுக்கிக்கொண்டே இருந்தாள்.

"எவ்ளோ நாளா?" என்று கேட்டாள்.

"மேடம் வர்ற நாள்ல எல்லாம்."

"நீயும் குடுத்தியா?"

"நான் குடுக்கல. கேக்கவும் இல்ல."

"நேத்து ஏன் சொல்லல?"

பெரியம்மா தலையைக் குனிந்துகொண்டாள். குச்சி அடிப்பாள் என்று எதிர்பார்த்தாள். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். குச்சி எழுந்துபோய்க் கண்ணாடிக் கதவில் நெற்றியை ஒட்டிக்கொண்டு நின்றாள். திரும்பவே இல்லை.

போலீஸ் வந்து சின்னம்மாவைக் கூட்டிக்கொண்டு போனபோது அவள் பெரியம்மாவை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. அண்ணனின் காலைத் தொட்டுவிட்டுப் போனாள். அவர் அன்றிலிருந்து ஐஸ் ஃபேக்டரியிலேயே படுக்க ஆரம்பித்தார். துணிமணி எடுக்க வருவார். "சாப்பிடறீங்களா" என்றால் காதில் விழாத மாதிரி இறங்கிப் போய்விடுவார். பெரியம்மாவையும் ஸ்டேஷனில் நாள் முழுக்க உட்கார வைத்து விசாரித்தார்கள். வழக்கு அவள் மேலும்தான். கூப்பிடும்போதெல்லாம் வர வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

மேடம் ஒருநாள் வந்தார். காப்பகத்துக்குச் சீல் வைத்திருந்ததால் ரெண்டு பேரும் படிக்கட்டில்தான் உட்கார்ந்தார்கள்.

"ஆள் பத்தலன்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா பலகையைக் கழட்டியிருப்பீங்க."

மேடம் மறுக்கவில்லை. "ஆமா. கழட்டியிருப்போம். அந்த ஆறு பிள்ளைங்க எங்க போகும்னு அதுக்கப்புறம் நான் யோசிச்சிருக்க மாட்டேன்." சீல் வைத்த கதவைத் திரும்பிப் பார்த்தார். "நான் வந்த நாள்ல எல்லாம் இங்க எல்லாமே சரியா இருந்துச்சு. பிள்ளைங்க இருக்கற வீட்ல ஒரு நாளாவது ஏதாவது தப்பா இருக்கணும். அது எனக்குத் தோணியிருக்கணும்."

"உங்களுக்கு என்ன ஆகும் மேடம்?"

"திட்டத்தை நிறுத்தச் சொல்லிட்டாங்க. மத்த காப்பகத்துலயும்." எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டார். "அந்தப் பையனை மட்டும் விட மாட்டோம். வாராவாரம் ஆள் போகும். கை காலுக்குப் பயிற்சி குடுக்கணும். எவ்வளவு தேறும்னு இப்ப சொல்ல முடியாது."

தெருவில் அதற்குப் பிறகு என்ன நடந்தது என்பதைப் பெரியம்மா மாடியிலிருந்தே பார்த்தாள். ஒருத்தி வேலையை விட்டாள். ஒருத்தி பிள்ளையை ஊருக்கு அனுப்பிவிட்டாள். இன்னொருத்தி உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போனாள், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அது தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கும். கடைக்குப் போன இடத்தில் அந்தப் பிள்ளையின் தாய் பெரியம்மாவை மறித்துக்கொண்டாள்.

"உண்மையைச் சொல்லிட்டியாமே, பெரிய இவ மாதிரி. உன் உண்மையால எங்கள்ல எத்தனை பேர் அடுப்பு அணைஞ்சுதுன்னு வந்து பாரு."

பெரியம்மா வாங்கிய வாழைப்பழத்தை ஜன்னல் கம்பி வழியாக அந்தப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு வந்தாள். மறுநாள் அந்த ஜன்னலும் சாத்தியிருந்தது.

குண்டு பிழைத்து வீட்டுக்கு வந்தான். மடிப்பெல்லாம் வற்றிப்போயிருந்தது. கழுத்து நிற்கவில்லை என்று பேசிக்கொண்டார்கள். கூப்பிட்டால் திரும்பவில்லை, அழுவதும் இல்லை என்றார்கள். பெரியம்மா போய்ப் பார்க்கத் துணியவில்லை. வாரம் ஒருமுறை கண்ணாடிப் பொண்ணு தெருவில் போவதும் வருவதும் மட்டும் தெரியும். ஒருநாள் அவளைக் கீழே நிறுத்தி, "எப்படி இருக்கான்?" என்று கேட்டாள். "பயிற்சி குடுக்கறோம் பெரியம்மா" என்றவள், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே வேகமாகப் போய்விட்டாள்.

மழைக்காலம் தொடங்கியிருந்தது. ஒரு காலையில் சங்கு ஊதப்போகிற நேரம் மாடிக் கதவைத் தட்டும் சத்தம். வீட்டுக்காரர்தான் வந்துவிட்டார் என்று பெரியம்மா ஓடிப்போய்த் திறந்தாள். குச்சி நின்றாள். கையில் பூட்ஸ். தோளில் பிள்ளை, தலை அவள் கழுத்தில் சாய்ந்திருந்தது.

"லீவு முடிஞ்சிடுச்சு" என்றாள் குச்சி. "இனி வரலைன்னா பேரை எடுத்துடுவாங்களாம்."

பெரியம்மா கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். "என்கிட்டயா?" என்றாள். "எனக்குப் பிள்ளைங்களைத் தொடக்கூடாதுன்னு போலீஸ் உத்தரவும்மா."

"அது உனக்கும் அவங்களுக்கும். நான் வேற யார்கிட்ட குடுக்கறது, சொல்லு? இந்த மாதிரிப் பிள்ளையை யாரு வாங்குவா? கேக்காத வீடு இல்ல."

"நீ என்னை..."

"உன்னை நான் மன்னிக்கல. அதை நெனச்சுக்காத." குச்சி பிள்ளையை நீட்டினாள். வாங்கப்போன கைக்குச் சட்டென்று கொடுத்துவிடவில்லை. பெரியம்மாவின் முகத்தைக் கிட்டத்தில் பார்த்தாள். "அழுதா அழட்டும். தெருவே வந்து கேட்டாலும் அழட்டும். தூங்க மட்டும் வைக்காத. நான் வந்து தூங்க வச்சுக்கறேன்."

சங்கு ஊதியது. குச்சி படிகளில் தடதடவென்று இறங்கி ஓடினாள்.

பெரியம்மா பிள்ளையின் கழுத்துக்கு அடியில் உள்ளங்கையைக் கொடுத்து, மடியில் நிமிர்த்தி வைத்தாள். அவன் கண்கள் அவளைத் தாண்டித் தகரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. அவள் பேச ஆரம்பித்தாள். மழையைப் பற்றிச் சொன்னாள். கீழே போகிற மீன் வண்டியைப் பற்றிச் சொன்னாள். சாப்பிட வராத மனுஷனைப் பற்றிச் சொன்னாள். தொண்டை கட்டிக்கொண்டபோது தண்ணீர் குடித்துவிட்டு, ஜெயிலில் இருக்கிற நாத்தனாரைப் பற்றிக் குறை சொன்னாள். மதியம் வரைக்கும் சொல்லிக்கொண்டே இருந்தாள். பிள்ளை ஒருமுறைகூட அழவில்லை.